பதினாறாவது கட்டம்

செஞ்சியில் எனக்கு வேண்டிய அண்ணன் ஒருவர் கேபிள் டிவி நடத்துகிறார். ஒரு பழைய வீட்டின் மாடியில் அவருடைய கட்டுப்பாட்டு அறை. வெளியே நான்கு டிஷ், உள்ளே ரிசீவர்கள் அடுக்கிய இரும்பு ரேக், ஒரு மேசை, ராத்திரி டியூட்டிப் பையனுக்கு ஒரு நாற்காலி. மொட்டை மாடியில் மேற்குப் பக்கம் நின்றால் ராஜகிரி தெரியும்.

சில வருடங்களுக்கு முன்பு தீபாவளிக்குப் போயிருந்தபோது அண்ணன் ஒரு குறையைச் சொன்னார். "தம்பி, சேனல் போச்சுன்னா எனக்கு முன்னாடி ஊருக்கே தெரியுது. போன் பண்ணித் திட்றாங்க. நான்தான் கடைசியா தெரிஞ்சிக்கிறன்." நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இதற்கு மல்டிவியூவர் போட்டால் போதும், ஒரு நாள் வேலை என்றேன். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு பெரிய டிவி, காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத எஃப்எஃப்எம்பெக் மென்பொருள். ஒரு நாள் வேலைதான். அதில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தொலைக்காட்சி நிலையங்களில் சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் படங்கள் ஓடுவதைச் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் சேனலுக்கு ஒரு டிவி என்று அடுக்கி வைப்பார்கள். இப்போது ஒரே திரையைக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அதைச் செய்வதுதான் மல்டிவியூவர். 1920-க்கு 1080 புள்ளிகள் உள்ள திரையை நாலுக்கு நாலாகப் பிரித்தால் கட்டத்துக்கு 480-க்கு 270 கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சேனலின் படம், அடியில் பெயர், ஓரத்தில் ஒலிக்கேற்ப ஏறி இறங்கும் பச்சைக் கோடு. ஏதாவது கெட்டுப்போனால் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வரும், ஒரு பீப் சத்தம் கேட்கும்.

இதை அமைக்கும்போது இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் பார்ப்பதற்குத் தொழில்நுட்ப முடிவுகள் மாதிரியே இருக்கும்.

முதல் முடிவு, எதைப் பார்ப்பது? அண்ணனிடம் 300-க்கும் மேற்பட்ட சேனல்கள், கட்டங்களோ 16. எது நின்றால் போன் அதிகம் வருமோ அதை எடுத்துக்கொண்டோம். சீரியல் சேனல்கள், செய்தி, சினிமா, கிரிக்கெட் என்று 15 ஆயிற்று. கடைசிக் கட்டத்துக்கு அண்ணன் தன் லோக்கல் சேனலைச் சொன்னார். "நம்மளது தம்பி. ஓரமா வச்சிரு." வலது கீழ் மூலையில் வைத்தேன்.

சின்ன ஊரில் வளர்ந்தவர்களுக்கு லோக்கல் சேனலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நகைக்கடை, வீட்டுமனை, டியூஷன் சென்டர், கூழ் வார்த்தல் அழைப்பு, முதலாம் ஆண்டுப் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. எல்லாம் அசையாத படங்கள். ஒவ்வொன்றும் 20, 30 விநாடி நின்று அடுத்ததுக்குப் போகும். பின்னால் சாமி பாட்டு. மழைக்காலத்தில் மட்டும் அடியில் ஒரு பட்டை போட்டு எந்த ரோட்டில் தண்ணீர், எந்த ஏரி நிரம்பியிருக்கிறது என்று அண்ணன் தட்டச்சு செய்து போடுவார்.

இரண்டாவது முடிவு, எது கோளாறு? மனிதனுக்கு இது பார்த்ததும் தெரியும். இயந்திரத்துக்கு எண்ணாகச் சொல்ல வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கில் இதற்கென்றே மூன்று வடிகட்டிகள் இருக்கின்றன. படத்தின் 98 சதவீதம் கறுப்பாகி 2 விநாடி நீடித்தால் ஒன்று சொல்லும். ஒலி மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே 2 விநாடி கிடந்தால் இன்னொன்று. அடுத்தடுத்த படங்களுக்கிடையே மாற்றமே இல்லாமல் 2 விநாடி போனால் படம் உறைந்துவிட்டது என்று மூன்றாவது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் மென்பொருள் எடுத்துக்கொள்ளும் எண்கள் இவை. எங்கோ யாரோ ஒருவர் தன் தேவைக்கு யோசித்து வைத்த எண்கள். செஞ்சியில் எவ்வளவு நேரம் மௌனமாக இருந்தால் தப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மூன்றையும் 16 கட்டங்களுக்கும் போட்டேன். முதல் 15 கட்டங்களில் அருமையாக வேலை செய்தது. பதினாறாவது மட்டும் ஓயாமல் அலறியது. காரணம் உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அஞ்சலிப் படத்தில் இருப்பவர் அசைவதில்லை. இயந்திரத்தின் கணக்கில் இறந்தவரின் படமும் செத்துப்போன சிக்னலும் ஒன்றுதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புள்ளிகளில் இல்லை. ஒன்றை யாரோ துக்கத்தோடு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், மற்றது தானாக நின்றுவிட்டது. இதை எந்த டெசிபலில் எழுதுவது?

உறையும் நேரத்தை 2-லிருந்து 40 விநாடியாக உயர்த்திப் பார்த்தேன். பெரிய குடும்பங்கள் ஒரு நிமிடத்துக்குக் காசு கட்டி ஒரே படத்தைப் போடுவதுண்டு, மறுபடி அலறியது. ராத்திரி டியூட்டிப் பையன், "அண்ணா, இதை மட்டும் நிறுத்திடுங்களேன், தலைவலிக்குது" என்றான். கீழே டீ வந்திருந்தது. கான்ஃபிகரேஷன் கோப்பில் பதினாறாவது கட்டத்துக்கான வரியின் முன்னால் ஒரு குறியைப் போட்டு முடக்கினேன். அறை அமைதியானது. இறங்கிப்போய் டீ குடித்தேன்.

*

அடுத்த வருட மழையில் ஒரு நாள். செஞ்சியை ஒட்டி ஓடும் சங்கராபரணியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மாலை நாலு மணிவாக்கில் அண்ணன் லோக்கல் சேனலின் பட்டையில், ஒரு தரைப்பாலத்தைக் குறிப்பிட்டு, அந்த வழி இப்போதைக்குப் போகலாம் என்று போட்டார். அப்போது அது உண்மை. அதற்குப் பிறகு சேனலின் படங்களை ஓட்டும் கம்ப்யூட்டர் தொங்கிவிட்டது. ஒரு கண்ணீர் அஞ்சலிப் படமும் அடியில் அந்தப் பட்டையும் அப்படியே உறைந்தன. சாமி பாட்டு வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து வருவதால் அது நிற்கவில்லை. ஆறு மணிக்குப் பாலத்தின் மேல் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் டிஷ் கழன்றுவிடாமல் கம்பி கட்ட மாடியில் நின்றுகொண்டே பையனிடம் போனில் சொன்னார், பையன் புதிய அறிவிப்பைத் தட்டினான். அது திரைக்குப் போகவே இல்லை. போயிற்றா என்று பையனும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவனைக் குறை சொல்ல முடியாது. காற்றில் டிஷ் அசைந்து மற்ற கட்டங்கள் மாறி மாறிச் சிவந்துகொண்டிருந்தன. அவன் சிவப்பின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். பதினாறாவது கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு இல்லை. ஓரத்தில் ஒலிக்கோடு பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சுவரிலேயே நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த கட்டம் அதுதான்.

எட்டு மணிக்கு மேல் ஒருவர் தொப்பலாக நனைந்து வந்து சத்தம் போட்டிருக்கிறார். டிவியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே வந்தவர் கையைக் காட்டி நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார். "போட்டா ஒழுங்கா போடு, இல்லன்னா போடாத!" அப்புறம்தான் பையன் வலது கீழ் மூலையைப் பார்த்தான்.

நான் அப்போது சென்னையில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன். மறுநாள் அண்ணன் போனில் சொன்னபோது, "யாருக்கும் ஒண்ணும் ஆகல இல்ல?" என்பதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

அந்தக் கேள்வியில் இருந்த அவசரம் எனக்குப் பிறகு வெட்கமாக இருந்தது. 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் அறத்தில் அதிர்ஷ்டத்துக்கு உள்ள பங்கைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை வாசித்தார்கள். நேகல் அதில் ஒரு லாரி ஓட்டுநரைச் சொல்கிறார். பிரேக்கைச் சோதிக்காமல் விட்டவர். குழந்தை குறுக்கே வந்துவிட்டால் ஆயுள் முழுக்கத் தன்னை மன்னிக்க மாட்டார். வராவிட்டால் அந்த அலட்சியம் அவருக்கு நினைவில்கூட இருக்காது. இரண்டிலும் அவர் செய்தது ஒன்றே. எதிரே வந்து கை காட்டிய ஆள் என்னுடைய அதிர்ஷ்டம். நான் போட்ட குறி அவர் வந்தாலும் வராவிட்டாலும் அதே குறிதான்.

*

அலாரம் வைப்பதையே தவறு என்று சொல்லிவிட முடியாது. மனிதக் கவனம் எவ்வளவு மெல்லியது என்பது அளந்து பார்க்கப்பட்ட விஷயம். இரண்டாம் உலகப்போரில் ரேடார் திரையில் நீர்மூழ்கிகளைத் தேடிய பிரிட்டிஷ் விமானப்படையினர் நேரம் ஆக ஆகப் புள்ளிகளைத் தவறவிட்டார்கள். நார்மன் மேக்வொர்த் அதை ஆராய்ந்து 1948-ல் வெளியிட்டார். கடிகார முள் மாதிரி ஒன்று சுற்றும், எப்போதாவது ஒரு முறை இரட்டிப்பாகத் தாண்டும், அதைக் கண்டதும் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்திலேயே தவறுகள் கூடிவிட்டன. 16 கட்டங்களை இரவு முழுக்க ஒரு பையன் பார்க்க வேண்டும் என்பது கொடுமையே தவிரக் கண்காணிப்பு இல்லை.

ஆகவே இயந்திரத்திடம் கொடுக்கிறோம். இயந்திரம் எல்லாவற்றுக்கும் கத்துகிறது. கத்தலில் பெரும்பகுதி பொய். ஆகவே முடக்குகிறோம். மருத்துவமனைகளில் இதன் விலை கணக்கில் வந்திருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2013-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை அவர்களிடம் வந்த, அலாரம் தொடர்பான 98 சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்திருந்தன. சத்தத்தைக் குறைத்து வைத்தது, அணைத்து வைத்தது, கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனது ஆகியவையும் காரணங்களில் இருந்தன. அணைத்தவர்கள் கொடியவர்கள் இல்லை. ஒரு வார்டில் நாள் முழுக்க நின்று பார்த்தால் நாமும் அணைப்போம்.

அப்படியானால் என் தவறுதான் என்ன? தேவையில்லாமல் கத்திய ஒன்றை நிறுத்தினேன். எந்தப் பொறியாளரும் செய்வது. நீண்ட நாள் இந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு நாள் சுவரிலிருந்த கட்டங்களை வேறு மாதிரி எண்ணிப் பார்த்தேன்.

முதல் 15 சேனல்களுக்கும் சென்னையிலோ வேறு நகரத்திலோ சொந்தக் கட்டுப்பாட்டு அறை உண்டு. அங்கே இதைவிடப் பெரிய மல்டிவியூவர், ஷிஃப்ட் போட்டு ஆட்கள். அவர்கள் விட்டாலும் ஊர் ஊராகக் கேபிள்காரர்கள் பார்க்கிறார்கள், லட்சக்கணக்கான வீடுகள் பார்க்கின்றன. அங்கே படம் உறைந்தால் யாரோ ஒருவர் கவனித்துவிடுவார். பதினாறாவது கட்டத்தைப் பார்த்துக்கொள்ள அந்த மாடி அறையை விட்டால் உலகத்தில் வேறு இடமே இல்லை. நாங்கள் 15 சேனல்களில் ஆயிரத்தோடு ஆயிரத்தொன்றாவது கண். பதினாறாவதில் நாங்கள்தான் ஒரே கண். அதைத்தான் நான் முடக்கியிருந்தேன்.

எவ்வளவு கத்துகிறது, நின்றால் எத்தனை போன் வரும், இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் கவனத்தைப் பங்கு போட்டிருந்தேன். நான் விட்டுவிட்டால் இதைப் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியைக் கேட்கவே இல்லை. கவனிக்கும் கடமை எங்கே கனமாக விழுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்தவரை அந்தக் கேள்விதான் நல்ல அளவுகோல். பலர் பார்க்கும் ஒன்றை நான் தவறவிட்டால் அது ஒரு சின்னக் குறை. நான் மட்டுமே பார்க்கும் ஒன்றை நான் கைவிட்டால் அது முழுக்கக் கைவிடப்பட்டதாகிறது. வாட்ஸப்பில் 200 பேர் உள்ள குழுவில் நாம் பதில் போடாததும், நமக்கு மட்டும் போன் செய்யும் வயதான பெரியம்மாவின் அழைப்பை எடுக்காததும் ஒன்றாகாது. இரண்டையும் நாம் ம்யூட் என்றே சொல்கிறோம்.

இதற்கு அண்ணன் ஒரு மறுப்பு வைத்திருந்தார். "அந்த சேனலை யாரு தம்பி பாக்கறாங்க? விளம்பரம் குடுத்தவங்க மட்டும் பாப்பாங்க." அன்றைக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. பதில் ஏற்கனவே அவருக்குப் போனில் வந்திருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

அதன்பிறகு செஞ்சி போனபோது ராஜகிரி ஏறினேன். யுனெஸ்கோ 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். சுமார் 800 அடி உயரம், உச்சிக்குச் சற்று முன்னால் பாறைப் பிளவின் மேல் ஒரு பாலம். அதைத் தாண்டி மேலே நின்றால் கிருஷ்ணகிரி, சந்திரகிரி, ஊர், ஏரிகள், வயல்கள் என்று எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. இதுவும் ஒரு மல்டிவியூவர்தான் என்று தோன்றியது. எட்டுத் திசையையும் ஒருவன் ஓரிடத்தில் நின்று பார்ப்பதற்காகக் கட்டியது.

மொகலாயப் படை இந்தக் கோட்டைக்கு முன்னால் 1690-லிருந்து 1698 வரை கிடந்தது. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸியோடு வந்த பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. உயரம் அதேதான், பார்வைக்கு எட்டும் தூரமும் அதேதான். பார்க்கும் வசதி இருப்பதால் பார்த்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. மேலே நின்றபோது எனக்கு இன்னொன்றும் உறைத்தது. அங்கிருந்து எல்லா வீடும் தெரிகிறது, ஒரு முகம்கூடத் தெரிவதில்லை. எல்லாவற்றையும் பார்க்க எடுத்துக்கொண்ட உயரம்தான் முகங்களை அழித்தது. 480-க்கு 270 புள்ளிக் கட்டமும் அதைத்தான் செய்கிறது. அந்த அளவில் அஞ்சலிப் படத்தில் இருப்பவர் ஆணா பெண்ணா என்பதுகூட நாற்காலியிலிருந்து தெரியாது.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று கண்காணிப்பு. இதைச் செய்பவன் கண்காணி. இலங்கை, மலேயா தோட்டங்களில் கூலிகளை மேய்த்த கங்காணி இந்தச் சொல்லிலிருந்துதான் வந்தான், ஆங்கில அகராதிகளிலும் ஏறினான். மற்றது கண்ணோட்டம். இன்று அதை ஒருவருடைய பார்வைக்கோணம் என்ற பொருளில் எழுதுகிறோம். திருக்குறளில் அது இரக்கம். பழகியவரைக் கண்டால் அவர் கேட்டதை மறுக்க முடியாமல் போவது என்று பரிமேலழகர் விளக்குகிறார். கண் ஒருவர்மேல் ஓடிச் சென்று தங்குவதால் வரும் இளக்கம் என்று நான் புரிந்துகொள்கிறேன். 58-ஆவது அதிகாரம். பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் பகுதியில் இருக்கிறது. அதற்கு அடுத்த 59-ஆவது அதிகாரம் ஒற்றாடல். வேவு பார்ப்பது எப்படி என்று சொல்வது.

ஆள்பவனுக்கு இரண்டும் வேண்டும், இரண்டும் பார்வையின் வேலைகள், இரண்டும் ஒன்றல்ல. மல்டிவியூவர் 59-ஐ மிக நன்றாகச் செய்யும். 58-ஐ அதில் கான்ஃபிகர் செய்ய வழியில்லை. ஆனால் 58-க்கு இடம் விட்டுக் கான்ஃபிகர் செய்ய முடியும். நான் அந்த இடத்தைத்தான் ஒரு குறி போட்டு அடைத்திருந்தேன்.

*

இப்போது அந்தப் போன். உறைந்துபோன படத்தில் இருந்தவரின் மனைவி மறுநாள் காலையில் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார். திட்டப்போகிறார் என்று நினைத்துத்தான் அண்ணன் எடுத்தார். "தம்பி, மழைல காரியத்துக்கு யாரும் வர முடியல. சொந்தக்காரங்ககூட பாதி பேரு வரல. அது தெரிஞ்சிதான் சாயங்காலத்துலேர்ந்து எங்க வூட்டுக்காரரு படத்த எடுக்காம வச்சிருந்தீங்களா? நான் படுக்கவே இல்ல, பாத்துக்கிட்டே இருந்தன். நல்லா இருப்பா."

அண்ணன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ஆமாம்மா" என்று சொல்லியிருக்கிறார்.

அது பொய் என்று நான் கொஞ்சம் கோபப்பட்டேன். அந்தப் படத்தின் அடியில் இருந்த பட்டை ஒருவரை ஆற்றங்கரை வரை அனுப்பியது, அதே படத்துக்கு நாம் நன்றி வாங்கிக்கொள்வதா என்று கேட்டேன். அண்ணன், "வேற இன்னா சொல்லச் சொல்ற?" என்றார். எனக்கும் தெரியவில்லை. இன்றும் அந்த 'ஆமாம்மா'வைச் சரி என்றும் சொல்ல முடியவில்லை, தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தச் சேனலை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு அது பதில். எங்கள் அறையில் யாருமே பார்க்காத அந்தக் கட்டத்தை ஒருவர் இமை மூடாமல் பார்த்திருக்கிறார். எங்களுக்குக் கோளாறாக இருந்த நேரம் முழுவதும் அவர் தன் கணவரோடு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த முறை போனபோது அந்த வரியை மாற்றி எழுதினேன். லோக்கல் சேனலின் மேல் மூலையில், படங்களை ஓட்டும் அதே கம்ப்யூட்டர் விநாடியோடு ஒரு சின்னக் கடிகாரத்தைக் காட்டுகிறது. கட்டம் முழுவதையும் விட்டுவிட்டு அந்தக் கடிகாரத்தை மட்டும் வெட்டி எடுத்து, அது 5 விநாடி நின்றால் அலாரம் அடிக்கச் சொன்னேன். இனி இயந்திரம் கடிகாரத்தைப் பார்க்கும். இறந்தவர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அசையாமல் இருந்துகொள்ளலாம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது, அரை மணி நேர வேலை. மழை அறிவிப்புப் பட்டையில் எத்தனை மணி நிலவரம் என்று நேரத்தையும் போட வைத்தோம். நேரம் இருந்திருந்தால், எட்டு மணிக்கு வண்டி எடுத்தவர் நாலு மணி என்று பார்த்து ஒரு நிமிடம் யோசித்திருப்பார்.

மூன்றாவதாக ஒன்று. தூர்தர்ஷன் காலத்து 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை என் வயதுக்காரர்களுக்கு மங்கலாக நினைவிருக்கும். வீட்டில் எல்லோரும் அதைத் திட்டினார்கள். அந்த அட்டை வருகிறது என்றால் அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சொன்னதும் அண்ணன் லோக்கல் சேனலில் ஒரு புதிய படம் சேர்த்தார். படம் நின்றுபோனால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று, அடியில் தன் செல்போன் நம்பர். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை வருகிறது.

அந்த எண்ணுக்குப் போன் வருகிறதா என்று போன வாரம் கேட்டேன். "வருது தம்பி. முக்கால்வாசி, இன்னைக்கு என்ன படம் போடுவீங்கன்னு கேக்கறாங்க" என்றார். எல்லாவற்றையும் எடுக்கிறாராம்.